மொட்டை முருங்கை

மதுரை ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் இரண்டு வால்வுகளை மேசைமேல் வைத்து, "இதுல எது வேணும்னு நீங்கதாம்மா சொல்லணும்" என்றார். வளையல் கடையில்கூட எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் சுருளிராஜன் விடுவாரா? நான் வாயைத் திறப்பதற்குள், "மாட்டுச் சவ்வுல செஞ்சதையே வச்சிருங்க சார்" என்றார்.

சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் என் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டது. அதை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும். மாட்டுச் சவ்வு வால்வு என்றால் கொஞ்ச மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடலாம். ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் அது கெட்டுப்போய் மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம். உலோக வால்வு ஆயுளுக்கும் உழைக்கும். அதற்குப் பதிலாக, ரத்தம் உறையாமலிருக்கக் கடைசிவரை தினமும் மாத்திரை போட வேண்டும். வெட்டுப்பட்டால் ரத்தம் சட்டென்று நிற்காது.

அந்தக் கடைசி வார்த்தைதான் சுருளிராஜனைப் பிடித்துக்கொண்டது. நான் கம்பத்துத் திராட்சைத் தோட்டங்களில் கவாத்து பண்ணுகிறவள். பெண்களைக் கூட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய், பந்தலில் படர்ந்த கொடியைக் கத்திரியால் வெட்டிவிடுவது என் தொழில். என் இடது கையில் தழும்பில்லாத விரல் கிடையாது.

"இவ கைய வெட்டிக்கிறாத நாளே இல்ல சார்" என்றார் சுருளிராஜன்.

"நீங்க சும்மா இருங்க" என்றேன். "வருசா வருசம் கவாத்து பண்ண என் நெஞ்சு என்ன திராட்சைக் கொடியா? ஒரு தடவதான் தொறக்க விடுவேன். உலோகத்தையே வைங்க சார்."

டாக்டர் சிரித்துவிட்டார். என் நாற்பத்துநாலு வயதுக்கு அவரும் அதைத்தான் சொல்லியிருப்பாராம்.

ஆபரேஷன் முடிந்து வீடு வந்தேன். சுற்றிலும் சத்தம் அடங்கினால் என் நெஞ்சுக்குள் டிக் டிக்கென்று கேட்கும். என்னோடு கவாத்துக்கு வரும் விஜி பார்க்க வந்தவள், "யக்கா, கடியாரத்த முழுங்கிட்டியா?" என்றாள். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. ஒழுங்காக வேலை செய்கிற எதையுமே எனக்குப் பிடிக்கும்.

சமையலைச் சுருளிராஜன் எடுத்துக்கொண்டார். உப்பு ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்கிற அளவைத் தேனியில் டாக்டர் ஏஞ்சல் பரிசோதித்துச் சொல்வார். எல்லாம் சரியாகவே இருந்தது. கையுறை போட்டுக்கொண்டு அடுத்த கவாத்துக்குப் போகலாம் என்றார். அதை வீட்டில் சொன்னபோது சுருளிராஜன் முகம் போன போக்கை நான் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது. ரத்தம் சீக்கிரமே உறைகிறது என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அதற்கடுத்ததில் இன்னும் இறங்கியிருந்தது.

"மாத்திரைய விட்டீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர்."

"கீரை அதிகமாச் சாப்பிடுறீங்களா? அது மாத்திரைய வேலை செய்ய விடாது."

"நீங்க சொன்ன அளவுதான்."

"இப்படியே போனா வால்வுல ரத்தம் கட்டிக்கும் ஜக்கம்மா. அடைச்சா உயிருக்கே ஆபத்து. அளவு ஒரு நிலைக்கு வர்றவரைக்கும் கத்திரியத் தொடாதீங்க."

ஊசி போட்டு அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகையாக வந்தது. நான் தேர்ந்தெடுத்த வால்வு. நான்தான் தப்புப் பண்ணிவிட்டேனோ?

வீட்டுக்கு வந்து கால் கழுவக் கொல்லைக்குப் போனேன். அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன், முருங்கை மரம் மொட்டையாக நின்றது. கம்பளிப்பூச்சி தின்றிருந்தால் காம்பாவது மிஞ்சியிருக்கும். இது தொரட்டி போட்டு ஒடித்தது. கொத்தமல்லி அரைத்தது என்று அவர் சொன்ன பச்சைத் தோசைகள் எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன.

"ஏங்க, இங்கன வாங்க. மரத்துக்கு மொட்டை போட்டது யாரு?"

அவர் தலையைச் சொறிந்தார். "நாந்தான். காயவச்சுப் பொடி பண்ணி மாவுல, ரசத்துலன்னு கொஞ்சங் கொஞ்சமா..."

"எதுக்கு?"

"மாத்திரை ரத்தத்தத் தண்ணியாக்கும்னு டாக்டரே சொன்னாக. தண்ணி ரத்தத்த வச்சுக்கிட்டு நீ கத்திரியத் தூக்குனா என்னாகும்? முருங்கை தின்னா கெட்டியாகும்னு எல்லாரும் சொன்னாக. வெட்டுப்பட்டாலும் நின்னுருமேன்னு..."

எனக்கு வந்த கோபத்துக்குக் கத்தியிருந்தால் தெருவே கூடியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, "தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயில உப்புக் கட்டுனா என்னாகும்?" என்றேன்.

"குழாய்க் கண்ணு அடைச்சிரும்."

"அடைச்சா?"

"கொடி காஞ்சு..." என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரத்தம் தண்ணியாகல. கட்டிக்கிறாம ஓடுது. அதுக்குத்தான் மாத்திரை. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ திங்க மாட்டியே ஆத்தா" என்று அழுதார். என்மேல் வைத்த பிரியத்தால் என்னைக் கொல்லப் பார்த்த மனிதர். அவரைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மறுமுறை தேனிக்குப் போனபோது அவரையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். கீரையை அடியோடு விடவும் வேண்டாம், அளவை மாற்றவும் வேண்டாம் என்று டாக்டர் அவரிடமே சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் கீரைக்கென்று ஒரே கிண்ணம். ஒரு கரண்டி கூடுதலாகக் கேட்டாலும் கிடைக்காது. பரிசோதனையில் அளவு ஒரு நிலைக்கு வந்தது. முருங்கையும் துளிர்த்தது.

கவாத்துக்குப் போன முதல் நாளே கத்திரி நுனி கையுறைக்கு மேலே மணிக்கட்டில் பட்டுவிட்டது. விஜி அலறினாள். பந்தல் முழுக்கக் கத்திரிச் சத்தம் நின்றது. நான் துணியை மடித்து அழுத்தி, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் சொல்லிக்கொடுத்தது அதுதான். பந்தலின் ஓரத்துக் கல்தூணுக்குப் பின்னாலிருந்து சுருளிராஜன் வந்தார். காலையிலிருந்தே அங்கேதான் நின்றிருக்கிறார்!

ரத்தம் நிற்க முன்பெல்லாம் ஆவதைவிட அதிக நேரம் ஆனது. அந்த அமைதியில் என் வால்வின் சத்தம் எல்லாருக்குமே கேட்டது. துணியை எடுத்துப் பார்த்தேன்.

"நின்னுருச்சா?" என்றார்.

"ரத்தம் நின்னுருச்சு. வால்வு ஓடுது. நீங்க வீட்டுக்குப் போங்க."

அவர் போகவில்லை. குனிந்து, நான் வெட்டிப்போட்ட கொடிகளை அள்ள ஆரம்பித்தார். நான் மணிக்கட்டில் துணியைக் கட்டிக்கொண்டு கத்திரியை எடுத்தேன்.