முத்திரை இல்லாத கூட்டம்

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது ஐம்பது. அந்நேரத்திற்கே வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. காற்று பேருக்குக்கூட இல்லை. மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி ஓர் உத்தரவையும் ஒரு பட்டியலையும் மேசையின் குறுக்கே தள்ளினார். பதினான்கு ஆண்டுகளாக அங்கே எக்ஸ்ரே எடுத்துவந்தவள் அவற்றை நின்றபடியே வாங்கிக்கொண்டாள்.

குற்றத்தை அவள் மறுக்கவில்லை. குடித்துவிட்டுப் பணிக்கு வந்தாள். ஒருவரின் வலக்கைப் படத்தில் இடக்கைக்கான குறியை வைத்தாள். கட்டுப்போடும் அறையில் கவனித்ததால் நல்ல கை தப்பியது. பணியிடை நீக்கம் நியாயம் என்றே அவளும் கருதினாள். அவளைக் கொதிக்கவைத்தது நிபந்தனை: குடியை விட்டவர்கள் கூடும் கூட்டங்களில் எட்டுக்குச் செல்ல வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடத்துபவரின் முழுப்பெயர், கையெழுத்து, முத்திரை வேண்டும், ஏப்ரல் பதினொன்றுக்குள் தராவிட்டால் வேலை இல்லை.

"எங்க நடக்குதுன்னு பட்டியல்ல இருக்கும்மா. போய்ட்டு வர்றதுதான் உங்க வேலை."

பட்டியலில் நான்கு முகவரிகள். முதலாவதில் மெத்தை விற்றார்கள். இரண்டாவது, வண்டி ஓட்டப் பழக்கும் பள்ளி; "கியர் வண்டியா, கியர் இல்லாததா?" என்று அன்பாக விசாரித்தார்கள். மூன்றாவதில் கட்டடமே இல்லை. கம்பிவேலிக்குள் ஒரு நாய் படுத்திருந்தது. அதிகாரியின் ஏழு தலைமுறையையும் வாய்க்குள்ளேயே இழுத்தபடி அவள் நான்காவதைத் தேடினாள்.

அது ஓர் அச்சகத்தின் மாடி. பதினொரு நாற்காலிகள், எல்லாவற்றிலும் ஆண்கள். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.

"யாரையாவது கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

"இல்ல. என்னையத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

சிரித்தார்கள். நடத்துபவருக்கு அங்கே 'பூட்டு' என்று பெயர்; அறையின் சாவியும் அவரிடம், வாயின் சாவியும் அவரிடம். கூட்டம் முடிந்ததும் அவள் படிவத்தை நீட்டினாள்.

"இங்க யாருக்கும் பேர் கிடையாது, தங்கச்சி. பேர் இல்லாதவன் கையெழுத்து எப்படிப் போடுவான்?"

"அப்ப முத்திரை?"

"கீழ அச்சகம் இருக்கு. கேட்டா ஜனாதிபதி முத்திரைகூட அடிச்சுத் தருவாங்க."

அவள் சிரிக்கவில்லை. அடுத்த கூட்டத்திற்குச் சண்டை போடவே வந்தாள். செவ்வாய், வெள்ளி தவறாமல் வந்தாள். ஒவ்வொரு முறையும் படிவத்தை நீட்டினாள். அவரும் ஒவ்வொரு முறையும் மறுத்துத் தலையை ஆட்டினார். ஐந்தாவது கூட்டத்தில் முதன்முதலாகப் பேசினாள்.

"எனக்கு இப்பவே குடிக்கணும்போல இருக்கு. துக்கத்துல இல்ல. கோபத்துல. உங்க எல்லார் மேலயும்தான்."

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. "எங்க மேலன்னா இங்கயே உட்கார்ந்து கோபப்படுங்கம்மா" என்றார் மூலையில் இருந்த பெயிண்டர். "வீட்டுக்கு எதுக்குத் தூக்கிட்டுப் போறீங்க?"

அவள் உட்கார்ந்தாள். அன்றும் குடிக்கவில்லை.

எட்டாவது கூட்டம் முடிந்து இறங்குகையில், படிக்கட்டடியில் பூட்டு ஒரு தாளைக் கொடுத்தார். தலைப்பெழுத்தோடு முழுப்பெயர், வீட்டு முகவரி, எட்டுத் தேதிகள், எட்டுக் கையெழுத்துகள். தொழில்: பள்ளி வேன் ஓட்டுநர்.

அவள் அந்தச் சொற்களிலேயே நின்றாள்.

"நான் தொட்டுப் பதினாறு வருஷமாச்சு. ஆனா பிள்ளையைப் பெத்தவங்க காதுல அது விழாது. குடிகாரன்கிறது மட்டும்தான் விழும்."

"இதை முதல் நாளே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? ஒரு மாசம் உங்களைக் கரிச்சுக் கொட்டினேனே!"

"சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"வண்டியில எத்தனை பிள்ளைங்க?"

"இருபத்திரண்டு."

அவள் தாளை நான்காக மடித்து அவர் சட்டைப்பையில் திணித்தாள். திணித்த வேகத்தில் பை ஓரம் கிழிந்தது. "காலையில நேரத்துக்குப் போங்க, அண்ணே."

வெள்ளிக்கிழமை அதிகாரி வெற்றுப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையெழுத்து இல்லன்னா நீங்க போகலன்னுதான் அர்த்தம்."

"எட்டுக்கும் போனேன், சார். நீங்க கொடுத்த மூணு முகவரியில கூட்டமே நடக்கல. ஒண்ணுல மெத்தை விக்கிறாங்க. இந்தப் பட்டியலைக் கொடுத்தது நான்தான்னு நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க பார்ப்போம்."

அதிகாரி பேனாவை மூடினார். "அது நடைமுறை இல்லம்மா."

"அவங்களுக்கும் அது நடைமுறை இல்ல." அவள் சட்டைக் கையை மடித்துவிட்டு, கையை மேசைமேல் நீட்டினாள். "ரத்தம் பார்க்கிற இடம் உங்க காலுக்குக் கீழ, தரைத்தளத்துல இருக்கு. வாரா வாரம் எடுங்க. சொல்லாம எடுங்க. நான் குடிச்சேனான்னு அது சொல்லும். அந்த அறையில யார் இருக்காங்கன்னு அதுக்குத் தெரியாது. நானும் சொல்ல மாட்டேன்."

"மேலிடத்துல கேட்கணும்."

"கேளுங்க. எனக்குப் போக வேற இடம் இல்ல."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். பதினொன்றரை ஆயிற்று. கதவுக்குப் பின்னால் மூன்று முறை தொலைபேசியில் பேச்சு கேட்டது. மூன்று முறையும் "அந்தம்மா" என்ற சொல் மட்டும் புரிந்தது. நாலு பத்துக்குக் கூப்பிட்டார்கள்.

தட்டச்சு செய்த ஒரே பக்கம். கூட்டச் சான்று தேவையில்லை. திங்கள் முதல் பணிக்குத் திரும்பலாம். ஓராண்டுக்கு முன்னறிவிப்பின்றி வாராந்திர ரத்தப் பரிசோதனை. ஒருமுறை தவறினாலும் விசாரணையின்றி நீக்கம்.

"இதுக்கு மேல ஒரு சலுகையும் எதிர்பார்க்காதீங்க. கிளம்புங்க."

அவள் கிளம்பவில்லை. கடைசி வரிவரை படித்தாள். தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்க கையெழுத்துப் போடல, சார்."

அவர் காது சிவந்தது. கையெழுத்திட்டார், மேசை அதிர முத்திரையைக் குத்தினார், தாளை அவளிடம் நீட்டினார்.