மேசைமேல் இருந்த ரெக்கார்டர்

எழுத்துக்கும் அவளுக்கும் சின்ன வயதிலிருந்தே ஆகாது. தாளைப் பார்த்தால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். முதல் வருடம் பொருளாதாரத்தில் கோட்டைவிட்ட பிறகுதான் கல்லூரிக்குக் கண் திறந்தது. பாடத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து வாத்தியாரின் மேசைமேல் அவளுடைய ரெக்கார்டர். வீட்டில் நாலு தடவை கேட்டால் பாடம் மனதில் உட்கார்ந்துவிடும். இந்த முறையும் தவறினால் படிப்பு அவ்வளவுதான். பரீட்சைக்கு இன்னும் மூன்றே வாரம்.

ஒருநாள் இடைவேளையில் அதை அணைக்க மறந்து, வழக்கம்போலத் தனியாக டீ குடிக்கப் போய்விட்டாள். சாயங்காலம் வீட்டில் போட்டுக் கேட்டபோது, பாடம் முடிந்து நாற்காலிகள் இழுபடும் சத்தத்துக்குப் பிறகு பக்கத்து இருக்கைக்காரியின் குரல் வந்தது.

“முன்னெல்லாம் சார் எப்படிச் சிரிக்க வைப்பாரு. இப்ப வாயத் தொறந்தா பாடம்தான்.”

“அதான் ரெக்கார்டர் ஓடுதே. யார் காதுக்குப் போகுமோன்னு அவருக்குப் பயம்,” என்றாள் இன்னொருத்தி. “அவளை என்னடி சொல்றது, பாவம்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தப் ‘பாவத்தை’த்தான் தாங்க முடியவில்லை. வகுப்பில் ஒருவரும் தன்னிடம் முகம் கொடுத்துப் பேசாததற்கு ஆயிரம் காரணம் நினைத்து வைத்திருந்தாள். இது அதில் இல்லை. பாடத்தை விட்டுவிட்டு அந்த இடத்தையே மூன்று தடவை கேட்டாள்.

மறுநாள் மேசை காலியாக இருந்தது.

“எங்கேம்மா, நம்ம ஆளக் காணோம்?” என்றார் வாத்தியார், மேசையைத் தட்டிக் காட்டி.

“ரிப்பேர் சார்.”

வாய் கூசாமல் பொய் சொன்னாள். அவர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு மேசைமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டு நாள் தங்கிட்டுப் போறேன்னு வந்தாரு என் மச்சான். பல் தேய்க்கிற பிரஷ்ஷே ரெண்டு தடவ மாத்தியாச்சு, இன்னும் கிளம்பல.”

வகுப்பே குலுங்கியது. பக்கத்து இருக்கைக்காரி சிரித்துச் சிரித்து அவள் தோளிலேயே சாய்ந்துவிட்டாள். ஒன்றரை வருடத்தில் அந்த வகுப்பில் அவளை ஒருவர் தொட்டது அன்றுதான். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வரும்போல் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் மச்சான் கதையை வாத்தியார் குரலிலேயே அம்மாவிடம் சொல்லிக் காட்டினாள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“சரி, பாடம் என்ன நடத்தினாரு?”

அவள் நோட்டைப் பிரித்தாள். தலைப்பை மட்டும் எழுதியிருந்தாள். அதையும் அவளால் கூட்டிப் படிக்க முடியவில்லை.

“ரெக்கார்டரப் போட்டுக் கேளேன்டி.”

“ரிப்பேர்மா,” என்றாள். “நாளைக்கும் வேலை செய்யாது.”