மூட்டையின் நாலாவது கால்

எங்கள் மூட்டை ஐம்பத்திரண்டு கிலோ நாய். அந்தப் பெயர் வைத்தது என் கணவர். தூக்குவதும் அவர்தான் என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது வயதாகியும் குட்டி என்ற நினைப்பில் பந்துக்குத் துள்ளி, வலது பின்னங்கால் முட்டியில் ஜவ்வைக் கிழித்துக்கொண்டான். டாக்டரம்மா எலும்பை அறுத்து, தகடு வைத்து, ஆறு திருகாணி போட்டு வீட்டுக்கு அனுப்பினார்.

"பழைய துண்டு ஒண்ணு வயித்துக்கு அடியில கொடுத்து, லேசா பிடிச்சுக்கிட்டு நடக்க விடுங்க. அஞ்சு நிமிஷம் போதும்" என்றார்.

பழைய துண்டா? இருபத்திரண்டு வருஷமாகத் தையல் கடை வைத்திருப்பவள் வீட்டு நாய்க்கா? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று மாலையே அளவு டேப்பை எடுத்துவிட்டேன்.

மூட்டை மூன்று காலில் நின்றான். நாலாவதை வயிற்றோடு சேர்த்து இழுத்து வைத்திருந்தான். அந்தப் பாதத்துக்கு அடியில் டேப் தாராளமாகப் போய் வந்தது. நான் அளவெடுக்கும்போது யாரையும் நிமிர்ந்து நிற்கச் சொல்வதில்லை. எப்படி நிற்கிறாரோ அப்படியே எடுப்பேன். கூன் இருந்தால் கூனுக்குத்தான் சட்டை. என் கடைக்குப் பெயர் வந்ததே அதனால்தான்.

சோபாத் துணி, உள்ளே பஞ்சு, தொடைக்கு ஒரு வளையம், முதுகுக்கு மேல் இரண்டு கைப்பிடி, எல்லா இடத்திலும் ரெட்டைத் தையல் என்று ஒரு தாங்கு பட்டை தைத்தேன். மாட்டிப் பார்த்தால் அச்சாகப் பொருந்தியது.

"என் கல்யாணக் கோட்டே இப்படிப் பொருந்தலையே!" என்றார் கணவர்.

"அத நான் தைக்கலையே" என்றேன்.

தரை வழுக்கும் என்று அவன் எழுந்தாலே பட்டையை மாட்டிவிடுவேன். பதிமூன்று நாள் ஆயிற்று. தையல் போட்ட இடம் ஆறிவிட்டது, தீனிக்குக் குறைச்சல் இல்லை, ஆனால் அந்தக் கால் மட்டும் தரைக்கு வரவே இல்லை. புதன்கிழமை டாக்டரம்மா முட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இந்நேரம் ஊனியிருக்கணுமே. சனிக்கிழமை வரைக்கும் பாப்போம். இல்லேன்னா மறுபடி பிரிச்சுதான் பாக்கணும். இவன் வயசுக்கும் இதயத்துக்கும் இன்னொரு தடவ மயக்க மருந்து கொடுக்க எனக்கே பயமா இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் வலிக்கக் கூடாதே என்று பட்டையை இன்னும் இறுக்கித் தூக்கிப் பிடித்தேன். மூட்டை என்னைப் பாவமாகப் பார்த்தான். நானும் அவனைப் பாவமாகப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை, கிளம்ப இரண்டு மணி நேரம் இருக்கும்போது, மூட்டைத் துரை பட்டையிலேயே மூத்திரம் பெய்துவிட்டார். அலசிக் கொடியில் போட்டேன். அது காய்வதற்குள் அவனுக்கு மறுபடி அவசரம்.

"ஒரு நாள் துண்டுல போனா கௌரவம் கொறஞ்சுடாது" என்று கணவர் தன் குளியல் துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்தார். கதவு வரை நான்கு அடி வைத்திருப்பார்கள்.

டக்.

நகம் தரையில் பட்ட சத்தம். நான் திரும்பினேன். இன்னொரு டக். முதலில் நகம், பிறகு விரல், பிறகு முழுப் பாதமும்!

"என்னங்க! ஊனுறான்! ஐயோ, ஊனிட்டான்!"

"கத்தாதே, பயந்துடப் போறான்!" என்று என்னைவிடச் சத்தமாகக் கத்தினார் அவர்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடியது மூட்டையின் வால் மட்டும்தான். வாசல் வரை போய்த் திரும்பி வந்தான். பத்து அடிக்கு ஏழு அடி நாலு காலில். நான் எண்ணினேன்.

அப்போதுதான் கொடியில் தொங்கிய பட்டை கண்ணில் பட்டது. இடது பக்கத்தைவிட வலது பக்கம் மூன்று விரல் குட்டை. தூக்கிய காலுக்கு அளவெடுத்து, தூக்கிய காலுக்கே தைத்து, பதினாறு நாளாக நானே அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன்! அவன் ஊன்ற நினைத்தாலும் தரை எட்டியிருக்காது. இன்னொரு அறுவைக்கு அவனை அனுப்பப் பார்த்தது என் கை.

கணவரும் பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "விடு, ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார். அந்த நேரத்தில் அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

கிளினிக்கில் பட்டையை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். டாக்டரம்மா காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். மூட்டையை அறை முழுக்க இரண்டு சுற்று நடக்க விட்டார்.

"திறக்க வேண்டாம். எல்லாம் சரியா இருக்கு" என்றார். பிறகு பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தையல் மட்டும் பிரமாதம்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பட்டையின் தையலைப் பிரித்தேன். புதிதாக அளக்க டேப்பை அவன் வலது பக்கம் இறக்கினேன். மூட்டை ஒரு அடி நகர்ந்து நின்றான். டேப்பை இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன்.

"இழுக்காதே" என்றார் கணவர். "அவன் அது மேல நிக்கிறான்."