வெறும் பக்கெட்

விடிந்தும் விடியாததுமாக, நார்த்தாமலைப் பக்கத்துக் கல்குவாரியில் வெள்ளைச்சாமியின் பொக்லைன் உறுமத் தொடங்கிவிடும். கேபினுக்குள் கல்தூசியும் டீசல் நெடியும்தான் அவனுக்குத் துணை. கீழே மூக்காயியும் மற்ற பெண்களும் கல் பொறுக்குவார்கள். அவர்கள் விலகும்வரை, கல் அள்ளும் பக்கெட்டைத் தரையில் ஊன்றிக் காத்திருப்பது அங்கே எழுதாத சட்டம்.

முதலாளி சரவணக்குமார் மெஷின்களில் ஒரு கருவியைப் பூட்டினார். போயிற்று அந்தச் சட்டம். பக்கெட் அசையாத நேரமெல்லாம், மெஷினைச் செய்த கம்பெனியின் கம்ப்யூட்டரில் பதிவாகும். அங்கிருந்து ஏபிஐ என்ற இணைப்பு வழியாக முதலாளியின் சம்பளக் கணக்கில் தானாக வந்து விழும். காத்திருந்தால் 'சும்மா இருந்தான்' என்று கூலியில் பிடித்தம். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசப் பேச, மனிதர்களின் பேச்சு நின்றுபோனது. டீ குடிக்கக்கூட யாரும் கீழே இறங்குவதில்லை. ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் வெள்ளைச்சாமிக்கு நெஞ்சு வறண்டது.

பக்கத்து மெஷின் பாலாஜி ஒரு தந்திரம் கண்டான். வெறும் பக்கெட்டை அந்தரத்தில் ஆட்டினால் போதும், வேலை என்று பதிவாகிவிடும். எல்லோரும் ஆட்டினார்கள். வெள்ளைச்சாமி மட்டும் ஆட்டவில்லை.

ஒருநாள் பாலாஜியின் பக்கெட் பல்லில் சிக்கியிருந்த கல் ஒன்று, ஆட்டத்தில் கழன்று மூக்காயியின் பாதத்தில் விழுந்தது. பெண்கள் அலறிக்கொண்டு ஓடிவந்து முந்தானையைக் கிழித்துக் கட்டினார்கள். ஆபீசிலிருந்து முதலாளி வந்தார்.

"அந்தம்மாவுக்கு அங்கிட்டு என்ன வேலை?"

"கல்லு அங்கிட்டுத்தானுங்க கெடக்கு," என்றான் வெள்ளைச்சாமி. "அவங்க ஒதுங்குற வரைக்கும் நிறுத்துனா கூலியப் புடிக்கிறீங்க."

"நானாய்யா புடிக்கிறேன்? சிஸ்டம் புடிக்குது. டேட்டா பொய் சொல்லாது."

"வெறும் பக்கெட்ட ஆட்டுனா வேலைங்குது, உசுரக் காத்து நின்னா சும்மாங்குது. அதுக்கு அப்புடிச் சொல்லிக் குடுத்தது யாருங்க?"

"இலுப்பூர்ல ஆப்பரேட்டருக்கா பஞ்சம்? இஷ்டமில்லேன்னா சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு!"

வெள்ளைச்சாமி சுற்றிலும் பார்த்தான். மற்ற ஆப்பரேட்டர்கள் தங்கள் மெஷின் பக்கம் நகர்ந்தார்கள். அத்தனை பேர் நடுவிலும் தான் ஒற்றை ஆள் என்பது அவனுக்கு வலித்தது. ஆனாலும் கேபினில் ஏறி, இன்ஜின் ஓட ஓட, பக்கெட்டைத் தரையில் ஊன்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

பாலாஜி அழுதுகொண்டே தன் மெஷினில் ஏறினான்.

"அண்ணே, நானும் எறக்கிட்டேன்!"

அடுத்த மெஷினின் பக்கெட்டும் இறங்கியது. அதற்கடுத்ததும். மெஷின்கள் சும்மா நிற்பதாக முதலாளியின் கைப்பேசி விடாமல் கத்தியது.

பெண்கள் யாரையும் கேட்காமல் அவருடைய காரிலேயே மூக்காயியை ஏற்றினார்கள். அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"தம்பிகளா, நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன். அவரு என்ன சொன்னாலும் பக்கெட்டத் தூக்கிறாதீக!"