மூன்றரை மணிப் பேருந்து

மண்சரிவில் இறந்த ஏழு பேரின் பெயர்களும் மரிசெல் ஒகாம்போவின் பட்டியலில் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவள் கையெழுத்திலேயே "குடியமர்த்தல் முடிந்தது" என்று எழுதியிருந்தது. நகராட்சி வீட்டுவசதிப் பிரிவில் பதினோரு வருட வேலை. அந்த மலைச்சரிவிலிருந்து இருநூற்றுப் பதினான்கு குடும்பங்களை இறக்கி, நகரத்தின் தெற்கு ஓரத்தில் அடுக்குமாடி வீடு கொடுத்தது அவள் போட்ட திட்டம்தான். மேயர் கையால் பரிசுகூட வாங்கியிருந்தாள்.

"விதியை மீறித் திரும்பிப் போனாங்கன்னு எழுதிக் குடு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்றார் மேலதிகாரி ஃபாபியோ.

"சரி சார்" என்றாள். அழுகை வரவில்லை. வரவேண்டுமே என்றுகூடத் தோன்றவில்லை.

முதலில் அடுக்குமாடிக்குப் போனாள். எண்ணிப் பார்த்ததில் தொண்ணூற்றிரண்டு கதவுகளில் பூட்டு. அங்கிருந்து மலைக்கு ஏறினாள். ஒதிலியா சேற்றிலிருந்து எடுத்த சோள அரைவை மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் எவெலியோ அந்த ஏழு பேரில் ஒருவன்.

"ஏன் திரும்பி வந்தீங்க, ஒதிலியாம்மா?"

ஒதிலியா நிமிரவில்லை. "சாவி குடுக்கறப்ப போட்டோ எடுத்தீங்களே, அன்னிக்குக் கேட்டிருக்கலாம்."

மரிசெல் குறிப்பேட்டைத் திறந்தாள்.

"விடியக்காலை நாலரைக்கு நான் சந்தையில சோள அரேப்பா சுடணும் மேடம். இங்கேருந்து நடந்தா கால் மணி. நீங்க குடுத்த வீட்டுலேருந்து முதல் பஸ்ஸே அஞ்சே முக்காலுக்கு. எவெலியோ மூட்டை தூக்கறவரு. ஆறே முக்காலுக்குப் போனா அவருக்கு எங்க மூட்டை இருக்கும்? வீடு நல்ல வீடுதான். குறை சொல்லல. குழாயத் திறந்தா தண்ணி கொட்டும்." கையை உதறினாள். "ஒரு மாசம் இருந்து பாத்தோம்."

மறுநாள் மரிசெல் போக்குவரத்துப் பிரிவுக்குப் போனாள். அதே கட்டடம், அதே மாடி, நடைவழியின் மறுகோடி. அங்கே பேருந்து நேரங்களைப் பார்க்கும் அதிகாரி ரூபியேல் கறுப்புக் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"மூணரைக்கு ஒரு பஸ்ஸா? இதுக்கா மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டிருக்கே? பணிமனையில ரெண்டு வண்டி சும்மாத்தான் நிக்குது. ஒரு கடுதாசி குடுத்திருந்தா அப்பவே விட்டிருப்போமே. யாரும் கேக்கலியேம்மா."

எதற்காகக் கேட்கிறாள் என்பது பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான். அவள் கடிதத்தை நீட்டினாள். அவன் படிக்காமலே கையெழுத்திட்டான். ஒன்பதாம் நாள் பேருந்து ஓடியது.

அதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை அவள் கொடுத்த அறிக்கையில் விதிமீறல் என்ற சொல்லே இல்லை. "முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை" என்று எழுதியிருந்தாள்.

"உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கறியே" என்றார் ஃபாபியோ. பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து அவள் பெயர் போயிற்று. செய்தி வந்தபோது ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். மிச்சத்தையும் தின்று முடித்தாள்.

கிறிஸ்துமஸுக்குள் நாற்பத்தொரு பூட்டுகள் திறந்தன. மற்றவை திறக்கவில்லை. காரணம் பேருந்து மட்டுமல்ல. ஒரு வீட்டில் சக்கர நாற்காலிக்காரர், நான்காவது மாடி. ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பள்ளியில் இடமில்லை. இன்னொருவர், "கோழிங்கள எங்க விடறது?" என்று கேட்டார். செவ்வாய்க்கிழமைதோறும் மலைக்கு ஏறிப் போய், ஒவ்வொருவர் சொன்னதையும் அவரவர் வார்த்தையிலேயே குறித்துவந்து, அந்தந்தப் பிரிவின் மேசையில் வைத்தாள். சிலது நடந்தது. சிலதற்கு இன்றுவரை பதிலில்லை.

ஒதிலியா அடுக்குமாடிக்கு வரவேயில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு கடலோர ஊரிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாளாம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

"எதாவது சொல்லிட்டுப் போனாங்களா?"

"உங்களுக்கா? இல்லியே."

மரிசெல் தலையாட்டிவிட்டு அடுத்த கதவைத் தட்டினாள்.