தேய்க்கத் தேய்க்க

"தேய்டா."

"தேய்க்கிறேன் மச்சான். முதல்ல சட்டையை விடுங்க."

"விட்டா ஓடிடுவே. தேய்."

அண்ணன் ஒரு கையால் தங்கை புருஷனின் காலரைப் பிடித்துக்கொண்டு, மண்ணெண்ணெயில் நனைத்த துணியை இன்னொரு கையால் அவன் வாயில் அடைப்பதுபோல நீட்டினான். புருஷன் அதைப் பிடுங்கிக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பினான். காலையில் வீட்டு வாசலிலேயே ஒரு முறை அடி வாங்கியிருந்தான். கீழுதடு வீங்கி ஒரு பக்கமாகத் தொங்கியது.

வாடகைக்கு இடமும் தண்ணீர் மெஷினும் கொடுக்கும் வண்டி கழுவுகிற ஷெட் அது. சிமெண்டுத் தரை நடுவாக்கில் சரிந்து, இரும்புக் கம்பி போட்ட சாக்கடை வாயில் முடிந்தது. அதன்மேல் நின்றது வீட்டு வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி எல்லாம் வைத்த பெரிய வேன். ஊர் சுற்றுவதற்கென்று அப்பா வாங்கியது. மகள் கல்யாணத்தின்போது அவள் பேருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார். புருஷனை விட்டுக் கிளம்பியபோது அவள் எடுத்துக்கொண்டு வந்தது அது ஒன்றைத்தான். அதிலேயே படுத்து அதிலேயே எழுந்தாள்.

தெருவில் நிறுத்தியிருந்த வண்டியின்மேல், கதவு இருக்கிற பக்கம் முழுக்க, புருஷன் வந்து தாரில் எழுதிவிட்டுப் போயிருந்தான், ஆள் உயரத்துக்கு: திருடி.

"அண்ணா, நேரமாகுது" என்றாள் தங்கை. "சாயங்காலத்துக்குள்ள நான் அங்க போய்ச் சேரணும். இன்னைக்குச் சேரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

பக்கத்து ஊரில் ஒரு தங்கும் விடுதி. அதன் சலவைக்கூடத்தில் வேலை. வண்டியை உள்ளேயே போட்டுத் தங்கிக்கொள்ளலாம் என்று அங்கே மேனேஜரம்மா சொல்லியிருந்தாள். 'வந்து தங்கறவங்க கண்ணை உறுத்தாம இருந்தா சரி' என்றும் சொல்லியிருந்தாள். திருடி என்று எழுதிய வண்டியோடு அந்த கேட்டில் போய் எப்படி நிற்பது?

"எல்லாம் போலாம். இவன் கையாலயே அழிச்சுட்டுப் போலாம்."

"நானே அழிச்சிருப்பேன். இவரை எதுக்கு இழுத்துட்டு வந்தே?"

"தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் படிச்சுட்டு என்கிட்ட வந்து கேட்கிறான். உன் தங்கச்சி என்ன திருடினான்னு. எனக்கு மானம் போகலையா?"

"உங்களுக்கு அது வேற இருக்கா மச்சான்?" என்றான் புருஷன், தேய்த்துக்கொண்டே.

முழங்கை அவன் முதுகில் இறங்கியது. நெற்றி வண்டியில் மோதி டங்கென்று சத்தம் கேட்டது.

தார் மண்ணெண்ணெய்க்கு இளகிவிட்டது. கறுப்பாக வழிந்து சாக்கடைக்குப் போனது. ஆனால் அது இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கறை. துணிக்கு அசையவில்லை, சோப்புக்கும் அசையவில்லை.

"இந்தா கம்பி நார். இந்தா பாத்திரம் தேய்க்கிற பவுடர். எழுத்தை விட்டு வெளியே போகாம தேய். ஒரு கோடு மிச்சம் இருந்தாலும் பல்லு இருக்காது."

"கையெல்லாம் எரியுது."

"எழுதறப்போ எரியலையா?"

புருஷன் தேய்த்தான். விரல் நுனித் தோல் உரிந்து பவுடரில் சிவப்பு கலந்தது. தங்கை பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் தேய்த்திருப்பாள், ஆனால் இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. போன வருஷம் அந்தத் தோள்பட்டை எலும்பை உடைத்ததும், இப்போது தேய்க்கிற அதே கைதான்.

ஷெட்டுக்காரம்மா டீ டம்ளரோடு வந்தாள். வண்டியைப் பார்த்ததும் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டாள்.

"யாரு இந்த அறிவாளி?"

"ஏம்மா?" என்றான் அண்ணன்.

"தண்ணியை அடிச்சுப் பாரு தம்பி."

அண்ணன் மெஷினைப் போட்டு, குழாய் நுனியில் இருந்த துப்பாக்கியால் தண்ணீரைப் பீய்ச்சினான். நுரை வழிந்து இறங்கியது. பழுப்புக் கறை சுத்தமாகப் போயிருந்தது. ஆனால் வெயிலில் வெளுத்து, தொட்டால் விரலில் மாவாக ஒட்டுகிற அந்தப் பழைய வண்டியின்மேல், மூன்று எழுத்தும் பளிச்சென்று புது வெள்ளையாக நின்றது.

திருடி.

"பழைய பெயிண்டு, மேலெல்லாம் மாவு பூத்துக் கிடக்கு" என்றாள் ஷெட்டுக்காரம்மா. "தேய்க்கிற இடம்தான் பளபளக்கும். நீங்க எழுத்தை மட்டும் தேய்ச்சு வச்சிருக்கீங்க. முன்னாடி தாரு, எப்படியும் போயிருக்கும். இது எங்க போகும்? இனி அந்தப் பக்கம் பூராவும் பாலிஷ் போட்டுத் தேய்ச்சு ஒரே நிறமா கொண்டுவரணும். இன்னைக்கு நடக்கிற காரியமா அது?"

புருஷன் சிரித்தான். முதலில் மூக்கால், அப்புறம் தொங்கும் உதட்டில் ரத்தம் கசியக் கசிய வாய் விட்டே.

"நான் எழுதினதை விட நல்லா வந்திருக்கு மச்சான். நீங்களே கூட நின்னு எழுதிக் கொடுத்துட்டீங்க."

அண்ணன் அவன் வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, உள்ளங்கையை வண்டியோடு வைத்து அழுத்தினான்.

"இந்தக் கைதானே எழுதுச்சு?"

"மச்சான், விளையாடாதீங்க."

"தம்பி, மெஷின் ஓடுது!" என்று ஷெட்டுக்காரம்மா கத்தினாள். "கிட்ட வச்சு அடிக்காதே, இரும்புல துருவையே பேர்த்துடும் அது!"

அண்ணன் குழாயை அந்தப் புறங்கையில் வைத்து விசையை அழுத்தினான்.

புருஷன் போட்ட சத்தம் மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்டது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் வாயைப் பிளந்தது. பிளந்த இடத்தில் தண்ணீர் புகுந்து, கை கண்ணெதிரே உப்பியது. ரத்தம் வெள்ளை எழுத்தின்மேல் வழிந்து கதவு வரை தெறித்தது. முட்டி மடங்கித் தொங்கினான். அண்ணன் மணிக்கட்டை விடவில்லை.

"இன்னொரு கையும் பாக்கி இருக்கு."

"அண்ணா, விடு!"

"நீ தள்ளு பாப்பா. உனக்காகத்தான் செய்யறேன்."

"எனக்காகவா?" அவள் இருவருக்கும் நடுவே புகுந்தாள். "எலும்பு உடைஞ்சு உன் வீட்டு வாசல்ல வந்து நின்னேனே, அன்னைக்கு என்ன சொன்னே? அனுசரிச்சுப் போன்னு ஆட்டோ பிடிச்சுத் திருப்பி அனுப்பினே. எலும்புக்கு வராதவன் எழுத்துக்கு வந்துட்டியா?"

அறை விழுந்தது. சிமெண்டில் அவள் உடைந்த தோள்தான் முதலில் பட்டது. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது.

"வாயைப் பாரு. இந்த வாய்க்குத்தான் அவன் உடைச்சிருப்பான்" என்றான் அண்ணன்.

அதைக் கேட்டுப் புருஷன், அந்த வலியிலும், தலையாட்டினான்.

அந்தத் தலையாட்டலை அவள் தரையிலிருந்து பார்த்தாள். அறைவதற்காக அண்ணன் கீழே போட்ட குழாய், பாம்பு மாதிரி நெளிந்து அவள் காலருகே கிடந்தது. எடுத்தாள். உட்கார்ந்தபடியே விசையை அழுத்தி அண்ணன் முழங்காலுக்குக் கீழே தண்ணீரை அடித்தாள். பேண்ட் கிழிந்து பறந்தது. அதற்கடியில் தோலும் வெங்காயச் சருகு போலச் சுருண்டு பெயர்ந்தது. அண்ணன் ஊளையிட்டுக்கொண்டே பின்னால் துள்ளி, சுவரில் முட்டி விழுந்தான்.

"பாப்பா! அண்ணன்டி நான்!"

"தெரியுது. கிட்ட வந்தா கண்ணு போயிடும்."

அவன் எழுந்தான். அவள் குழாயை முகத்துக்கு உயர்த்தினாள். அவன் அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

ஷெட்டுக்காரம்மா புருஷனின் கையைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "வெளியில இத்துனூண்டு. உள்ள அழுக்குத் தண்ணி எங்கெங்க போச்சோ. உடனே அறுத்துச் சுத்தம் பண்ணலைன்னா கையை எடுத்துடுவாங்க. கைக்கு அப்புறம் உயிரு. ஷெட்ல ஒருத்தனுக்கு ஆகியிருக்கு."

"சாகட்டும்" என்றான் அண்ணன் சுவரோரமிருந்து.

"செத்தா?" என்றாள் தங்கை. "நீ உள்ளே போவே. நான் தாலி அறுக்க, சாட்சி சொல்ல, உனக்குச் சோறு தூக்க இந்த ஊரையே சுத்திச் சுத்தி வரணும். எனக்கு வேற வேலை இருக்கு." புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏறு."

இத்தனை வருஷத்தில் அவனிடம் 'ஏறுங்க' என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவன் நிமிர்ந்து பார்த்தான், ஏறினான்.

ஷெட்டுக்காரம்மா குழாயை அவள் கையிலிருந்து வாங்கி, அண்ணனுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். "நீ போ கண்ணு. தம்பியும் நானும் கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருக்கோம்."

மெயின் ரோடு வரும்வரை புருஷன் முனகிக்கொண்டே வந்தான். அப்புறம் பேசினான்.

"எனக்குத் தெரியும்டி. நீ என்னை விட்டுட்டுப் போகமாட்டே."

அவள் கியரை மாற்றினாள்.

"கட்டுப் போட்டதும் வீட்டுக்குப் போயிடலாம். உன் அண்ணன் மேல கேஸ் போடறோம். நீதான் சாட்சி."

முன்னால் போன லாரியை முந்தினாள்.

"காதுல விழலை?" நல்ல கையை நீட்டி அவள் இடது தோளைப் பிடித்தான். எலும்பு ஒட்டிய மேடு எங்கே இருக்கிறதென்று அவனுக்கா தெரியாது? அங்கேயே கட்டை விரலை வைத்து அழுத்தினான். "திருப்புடி வண்டியை."

அவளுக்கு ரோடு இரண்டாகத் தெரிந்தது. பிரேக்கில் ஏறி மிதித்தாள். அவன் முன்னால் பறந்து கண்ணாடியில் மூக்கை உடைத்துக்கொண்டு, காயம்பட்ட கை அடியில் மாட்ட, கீழே சரிந்தான். உள்ளே அலமாரி திறந்து தட்டுகள் கொட்டின. பின்னால் நாலைந்து வண்டிகள் ஹாரன் அடித்தன.

"இன்னொரு தடவை தொடு" என்றாள்.

தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு வாசலில் நிறுத்தி, அந்தப் பக்கம் சுற்றி வந்து கதவைத் திறந்தாள். வார்டு ஆள் தள்ளுவண்டியோடு ஓடிவந்தான்.

"என்னாச்சு இவருக்கு?"

"வண்டி கழுவற மெஷின். கையில தண்ணி ஏறியிருக்கு. மூக்கு வேற."

"கூட இருக்கப் போறது நீங்களாம்மா? யாராவது ஒருத்தர் இருக்கணும்."

"அவரோட மச்சான் பின்னாலயே வந்துக்கிட்டிருப்பார்."

தள்ளுவண்டியில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "வேணாம்! அவனை உள்ளே விடாதீங்க! போலீஸைக் கூப்பிடுங்க!"

"கூப்பிடுங்க, நல்லது" என்றாள். "நான் கிளம்பறேன்."

"ஏய்! ஏய், நில்லுடி!"

விடுதி கேட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வழியில் ஒரு குழாயடியில் நிறுத்தி ரத்தத்தைக் கழுவியிருந்தாள். காயாத ரத்தம், பச்சைத் தண்ணீருக்கே போய்விட்டது. எழுத்து இருந்த பக்கம் கேட்டுக்குத் தெரியாதபடி வண்டியைச் சாய்த்து நிறுத்தினாள்.

காவல்காரர் எட்டிப் பார்த்தார். "சலவைக்கு வர்ற பொண்ணா? கன்னம் என்னம்மா இப்படி வீங்கியிருக்கு?"

"எங்க நிறுத்தட்டும் வண்டியை?"

"மரத்தடி காலியாத்தான் இருக்கு. நிழலா இருக்கும்."

"சுவரோரமா நிறுத்திக்கிறேன். அந்தப் பக்கத்தைச் சுவரோட ஒட்டி."

"கதவு அந்தப் பக்கமாச்சே. ஒட்டி நிறுத்தினா எப்படி இறங்குவே?"

"டிரைவர் சீட்டு வழியா."

"தினமுமா?"

"கொஞ்ச நாளைக்குத்தான். ராத்திரி வேலை முடிஞ்சதும் வெளியே இழுத்து வச்சுத் தேய்ச்சுக்குவேன்" என்றாள். "பாலிஷ் டப்பா எங்க கிடைக்கும் இங்க?"