பெட்டிக்கும் ஒரு சட்டை

தீவு நாட்டு ஊரான நௌசோரியில் விலிசி வளர்ந்த வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிகூடச் சட்டை போட்டிருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். சித்தப்பா கல்யாணத்துக்கு எடுத்த கலவாத்தாத் துணியில் மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல், அவள் அம்மா தாரைவினி சுருக்கெல்லாம் வைத்துத் தைத்துப் போட்டது. ஆரஞ்சு நிறம், அதில் தட்டளவுக்குப் பச்சை ஆமைகள். அப்பாவின் சட்டை, அத்தைகளின் கவுன், கைக்குழந்தையின் ஜட்டி, ஜன்னல் திரை எங்கும் அதே ஆமைதான். ஒரு குடும்பமென்றால் ஒரே துணி, அதுதானே கலவாத்தா! எல்லாரும் சேர்ந்து தேவாலயத்துக்கு நடக்கும்போது பெரிய மேசை விரிப்பு ஒன்று எழுந்து நடப்பதுபோல் அவளுக்குத் தோன்றும். வெட்கத்தில் பத்தடி பின்னாலேயே வருவாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் பெட்டியின் சட்டையை அவளே உருவி எறிவாள். ‘சங்கு நேரம்’ வந்துவிடும். பிள்ளைகளுக்கான கேள்வி பதில் நிகழ்ச்சி. தப்பாகச் சொன்னால் நிகழ்ச்சியை நடத்தும் மகரேத்தா அக்கா கன்னம் உப்ப ஒரு சங்கை ஊதுவார். விலிசி பெட்டிமுன் மண்டி போட்டுக்கொண்டு, “இதுகூடத் தெரியலையா, மக்கு!” என்று உள்ளே இருக்கும் பிள்ளைகளைத் திட்டித் தீர்ப்பாள். ஒரு தடவையாவது அந்த மேடையில் நின்றுவிட வேண்டும், ஊரே பார்க்க வேண்டும். ஒன்பது வயதில் அதைவிட்டால் அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

பள்ளியில் அவளைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். வீடு அமர்க்களப்பட்டது. அம்மா ஆமைகளை வரிசையாக இஸ்திரி போட்டாள்.

“அம்மா, எனக்கு நீலக் கவுன். ஆமை வேணாம்.”

“குடும்பமே கிளம்புறப்ப நீ மட்டும் தனியாவாடி?”

“டிவியில நான் மனுஷியாத் தெரியணும்மா. மேசை விரிப்பாட்டம் இல்ல!”

அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் நீலக் கவுனையும் இஸ்திரி போட்டுத் தந்தாள். தெருக்காரர்கள் பார்க்கட்டும் என்று அப்பா அபெனிசா பெட்டியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார். சும்மா கிடந்த பெட்டியின் சட்டையில் வறுத்த மீனையும் அவித்த மரவள்ளியையும் மூட்டை கட்டிக்கொண்டு தலைநகர் சுவாவுக்கு பஸ் ஏறினார்கள்.

தொலைக்காட்சி நிலையத்துக்குள் நுழைந்ததும் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். எதிர்த்துப் போட்டியிடும் ஜோனேயின் குடும்பம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. ஆரஞ்சு நிறம், பச்சை ஆமை!

ஜோனேயின் மாமா சகியுசா, மலைபோன்ற மனுஷர், எழுந்து நின்றார். “யாருய்யா அது, எங்க துணியத் திருடிட்டு வந்தது?”

“உங்க துணியா? இந்த ஆமை எங்க வீட்டுல முட்ட பொரிச்சு வந்ததுய்யா!” என்றார் அப்பா.

“எந்த ஊருய்யா நீங்க?”

அப்பா தன் பூர்வீக ஊரைச் சொன்னார்.

“நாங்க கடாவுத் தீவு!” என்றார் சகியுசா.

அவ்வளவுதான், இரண்டு பக்கமும் ஓவென்று கூவியது. இரண்டு ஊரும் தௌவு. முன்னோர் வழியில் வந்த கேலி உறவு. எவ்வளவு கிண்டலடித்தாலும் கோபிக்கக் கூடாது, கேலி செய்யாமல் விட்டால்தான் மரியாதைக் குறைவு. ஒருவர் நாற்காலியில் இன்னொருவர் புகுந்து உட்கார்ந்தார். மூட்டையிலிருந்த மீனில் பாதி கடாவு வயிற்றுக்குப் போய்விட்டது.

போட்டியில் விலிசியும் ஜோனேயும் சமமாக வந்தார்கள். கடைசிக் கேள்விக்கு வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் போச்சு. சகியுசா மேடையேறிவிட்டார்.

“விலிசி கண்ணு, உன் வீட்டுக்காரங்க எங்க?” என்றார் மகரேத்தா அக்கா.

விலிசி கையைக் காட்டினாள். அக்கா பார்த்தார், ஜோனேயின் ஆமைச் சட்டையையும் பார்த்தார். “அவங்க எல்லாரும் ஜோனே வீட்டுக்காரங்களாச்சே?”

கிடைத்த வாய்ப்பை சகியுசா விடுவாரா? “ஆமாங்க, எல்லாம் எங்காளுங்கதான்! இந்த நீலக்குட்டி பஸ்ஸுல யாரோ விட்டுட்டுப் போனது. பாவம், யாராச்சும் வளக்குறீங்களா?”

அரங்கமே குலுங்கியது. அப்பா சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார், எழுந்து மேடைக்கு வர முடியவில்லை. இவ்வளவு ஆசைப்பட்டு வந்து நின்றால், நாடே பார்க்க விலிசி யாருக்கும் இல்லாத பிள்ளை. அக்காவின் சங்கு உதட்டருகே போனது.

“அம்மா!” என்று கத்தினாள். “ஆமை! ஆமையக் கொண்டா!”

தாரைவினிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மிச்ச மீனை சகியுசாவின் பெண்டாட்டி மடியில் கொட்டிவிட்டு, பெட்டியின் சட்டையை உதறிக்கொண்டு மேடைக்கு ஓடினாள். நீலக் கவுனுக்கு மேல் மகளின் இடுப்பில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். சுருக்கு முழங்காலில் ஆடியது. மீன் வாசனை கமகமத்தது.

“இப்ப சொல்லுய்யா, இது யாரு வீட்டுப் பொண்ணு?” என்றாள் சகியுசாவிடம். “இது எம் வயித்துல பொறந்த ஆமை!”

மகரேத்தா அக்காவுக்குச் சிரிப்பு தாங்காமல் கேள்வி அட்டை கை நழுவியது. “சரி, ஆமை எங்க முட்டையிடும்?” என்று வாயில் வந்ததைக் கேட்டுவைத்தார்.

“எங்க டிவி மேல!” என்றாள் விலிசி.

பூ...ம் என்று சங்கு முழங்கியது. மணலில் என்று சொல்லி ஜோனே ஜெயித்துவிட்டான். தோற்றவளோ தனக்கென்று முழங்கிய சங்கைக் கேட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

மறுநாள் காலை தேவாலயத்துக்குப் போகும்போதும் அவள் முடிச்சை அவிழ்க்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் நடந்தாள். திரும்பி வந்ததும் நீலக் கவுனையும் கத்தரிக்கோலையும் அம்மாவின் மடியில் வைத்தாள்.

“இத வெட்டித் தைம்மா. பெட்டி அம்மணமா நிக்குது.”

“நல்ல கவுனுடி இது!”

“அது தனியாத்தானே நிக்குது,” என்றாள் விலிசி. “அதுக்கு இது போதும்.”